வண்டியை அணைக்காமல் இறங்கினோம்

கண்ணு தேன்மொழி,

நேற்று நீ போனில், "அந்தச் சத்தம் இன்னும் கேக்குதாங்கப்பா?" என்று கேட்டாய். நான் வாயெடுப்பதற்குள் டவர் போய்விட்டது. மேட்டில் நின்றால் வரும், நாலடி நகர்ந்தால் போய்விடும் என்பது உனக்குத் தெரியாததா? திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிகிற பதில் இல்லை அது. அதனால்தான் உன் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன். எனக்குக் கையெழுத்தே வராது, கட்டைவிரல்தான். அவள் எட்டாவது வரை படித்தவள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் மாப்பிள்ளை வீட்டில் சிரிப்பார்களாம், அதனால் திருத்தித்தான் எழுதுவாளாம். இப்போதே, "கொஞ்சம் மெதுவாத்தான் சொல்லுங்களே, ஓடியா போகுது?" என்கிறாள். அதையும் எழுது என்று சொல்லிவிட்டேன்.

நீ ஆவணியில் கல்யாணம் முடிந்து ராசிபுரத்துக்கு வாழப்போனாய். எல்லார் வீட்டுப் பெண்ணும் போகிறதுதான். ஆனால் எனக்கும் உனக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது, அதை இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசியதில்லை. உன் அம்மாவுக்கு பஸ் ஆகாது. மலைப்பாதையின் இந்த எழுபது வளைவிலும் பஸ் திரும்பும்போது அவள் குடலும் கூடவே திரும்பும். எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்தாள், இஞ்சியை மென்று பார்த்தாள், வெறும் வயிற்றோடு ஏறினாள், கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒன்றும் பலிக்கவில்லை. நீ நாமக்கல்லில் ஹாஸ்டலில் படித்தபோது உன்னைப் பார்க்க வந்த நாளெல்லாம் பாதி நேரம் சுவரோரமாகச் சுருண்டு படுத்துக் கிடந்தாளே, உனக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளை நல்ல மனதோடு, "கார் அனுப்பறேங்க அத்தை" என்றார். அவள் உள்ளே வந்து என்னிடம், "நாலு சக்கரம் எதுன்னாலும் எனக்கு ஒண்ணுதானுங்க. கார்னா கொஞ்சம் சொகமா வாந்தி எடுக்கலாம், அவ்வளவுதான்" என்றாள். நம் பழைய பைக்கில் என் பின்னால் உட்கார்ந்தால் மட்டும் அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை. காற்று முகத்தில் அடிக்கிறது, அடுத்த வளைவு வருவது கண்ணுக்குத் தெரிகிறது என்பாள். ஆக அந்த வண்டி நின்றுபோனால் உன் அம்மா மலையை விட்டு இறங்குவதும் நின்றுபோகும். நீ கீழே, அவள் மேலே. கல்யாணப் பேச்சு நடந்த அந்த நேரம் பார்த்துத்தான் என்ஜினில் அந்தச் சத்தம் வந்தது.

நீ அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்த விதத்தை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உன்னிடமும் சொன்னதில்லை. பெற்ற பிள்ளையை முகத்துக்கு நேரே மெச்சுகிற பழக்கம் நம் வீட்டில் இல்லை. காகிதத்துக்கு அந்த வெட்கம் கிடையாது, அதனால் இதில் சொல்கிறேன்.

டொக்கு டொக்கு என்று அடியிலிருந்து வந்த சத்தம் அது. வாழைத்தாரை வெட்டரிவாளின் மழுங்கின பக்கத்தால் தட்டுவதுபோல இருக்கும். கடைத்தெரு மெக்கானிக்கிடம் காட்டினோம். "டேப்பெட்டுதான்" என்று சொல்லி என்ஜினின் மேல்பக்கம் என்னவோ திருகிவிட்டார். வீடு வரைக்கும் நன்றாக இருந்தது. அடுத்த சந்தைக்குப் போய்த் திரும்பும்போது மறுபடி டொக்கு டொக்கு. பிறகு அடிவாரத்தில், பேளுக்குறிச்சியில் யூசுப் பாய் பட்டறையில் விட்டோம். பாய் அவசரப்படாத மனுஷன். வண்டியை முறுக்கிவிட்டுக் குனிந்து கேட்டார். நாங்கள் மூட்டையோடு ஏறும்போதுதான் கேட்கிறது என்றதும் முகம் மாறிவிட்டது. "கனெக்டிங் ராடு, பிஸ்டனைத் தள்ளுற கம்பி, அது மாதிரி தெரியுதுங்க பெரியவரே. அது போச்சுன்னா என்ஜின் பூட்டிக்கும். வளைவுல பூட்டிக்கிச்சுன்னா பின்சக்கரம் அப்படியே நின்னுரும். நீங்களும் அம்மாவும் இதுல மலை இறங்காதீங்க. பிரிச்சாத்தான் தெரியும். இல்லேன்னா வித்துடுங்க" என்றார். அன்றைக்கே நீ, "அம்மா இனி இதுல ஏறக்கூடாது" என்று சட்டம் போட்டாய். அடுத்த சந்தைக்கு அவள் பஸ்ஸில் போனாள். போய் வந்த கோலத்தை நீயும் பார்த்தாய்.

நான் விற்றுவிடலாம் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், சத்தத்தோடு அப்படியே ஓட்டிவிடலாம் என்றும் நினைத்தேன். காலையில் ஒரு நினைப்பு, சாயங்காலம் ஒரு நினைப்பு. நீதான் இரண்டுக்கும் தலையாட்டவில்லை. பலாமரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் அழுத்தி, நுனியை என்ஜினில் ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டாய். கிளட்ச்சை அழுத்திக் கேட்டாய், விட்டுக் கேட்டாய். மேலே வைத்தாய், அடியில் வைத்தாய். மரத்தில் காய்த்துத் தொங்கின பலாவை உன் அம்மா விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, இது நாளைக்கு, இது அடுத்த வாரத்துக்கு என்று சொல்வாளே, எனக்கு அந்த நினைவுதான் வந்தது. காய் டங்கென்று பேசும், பழுத்தது பொத்தென்று பேசும் என்பாள். நான் அத்தனை வருஷம் தட்டியும் எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். அந்தக் காது உனக்கு அவளிடமிருந்து வந்தது. இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுதித்தான் ஆகவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

கேட்டு முடித்து நிமிர்ந்து, "தெரியலீங்கப்பா" என்றாய். அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்தது, கண்ணு. கடைத்தெருக்காரர் தெரிந்ததாகச் சொல்லித் திருகினார். பாய் தெரிந்த அளவுக்குப் பயப்பட்டார். நான் தெரியாமலே இரண்டு முடிவு வைத்திருந்தேன். நீ ஒருத்திதான் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, என்னைக் கேட்க ஆரம்பித்தாய்.

"மொதல்ல எப்பங்கப்பா கேட்டீங்க?"

"மாசியில. மிளகு பறிச்சு முடிச்ச வாரம். சந்தைக்குப் போயிட்டு மேல வாரப்ப, மூங்கில் புதர் வளைவுல."

"போறப்பக் கேட்டுச்சா?"

"போறப்ப எப்படிக் கேக்கும்? எறக்கத்துலதான் வண்டி ஆஃப்ல இருக்குதே."

"சரி. அடுத்தது?"

அடுத்தது, அதற்கடுத்தது என்று நீ கேட்டுக்கொண்டே போனாய். எழுதப்படிக்கத் தெரியாதவன் எதையும் எங்கேயும் குறித்து வைக்க முடியாது, அதனால் மண்டையில்தான் வைத்துக்கொள்ளவேண்டும். பங்குனியில் குலசாமிக்குப் பொங்கல் வைக்க சோளக்காட்டு மேடு ஏறினோமே, பின்னால் அரிசி மூட்டையும் கிடாக்குட்டியும் இருந்தும் அன்றைக்குச் சத்தமில்லை. உன் சின்னம்மாவை அடிவாரத்திலிருந்து ஏற்றி வந்த அன்றைக்கு மூங்கில் வளைவிலிருந்து வீடு வரைக்கும் சத்தம். மறுநாள் மலை மேலேயே வாசலூர்பட்டி ஏரிக்குப் பலாச்சுளை விற்கக் கொண்டுபோனபோது கொஞ்சம் கேட்டது, அதற்கு மறுநாள் கேட்கவில்லை. மழை பெய்து பாதை வழுக்கின அந்தச் சந்தை நாளில் வழி முழுக்கச் சத்தம். நான் சொல்லிக்கொண்டே போக, உன் அம்மா முறத்தை வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"போன வருஷம் தீவாளிக்கு நான் கட்டுன சேலை என்ன நெறம்னு கேளு கண்ணு. தெரியாது. பைக்கு தும்முனது மட்டும் நாள் நட்சத்திரத்தோட வருது."

"பச்சை" என்றேன்.

"அது உங்க தங்கச்சி கட்டுனது."

நீ சிரிக்கவில்லை. பிறகு மெல்ல, "மலை மேலயே ஓட்டுனா ரெண்டு நாள்ல நின்னுருது. மூட்டையோட மேடேறுனாலும் கேக்கலை. கீழ போயிட்டு வந்தா மட்டும் கேக்குது. அப்ப ஏத்தம் இல்லீங்கப்பா. எறக்கம். எறங்குறப்பதான் என்னமோ நடக்குது" என்றாய். இறங்கும்போது வண்டி ஓடவே இல்லையே, ஓடாத வண்டிக்கு என்ன நடக்கும் என்று நான் கேட்டேன். நீ ஆயில் குச்சியைக் கழற்றி, துணியில் துடைத்து, விட்டு எடுத்தாய். ஆயில் கோட்டுக்கு மேலே நின்றது.

நான் பெருமையாக, "பாத்தியா? ஆயில் குடிக்காத வண்டி. ஊத்துனதுக்கு மேலயே நிக்குது" என்றேன். இதை நான் சந்தையில், டீக்கடையில், உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

"ஊத்துனதுக்கு மேல எப்படிங்கப்பா நிக்கும்? பசு மடியா, தானா ஊறுறதுக்கு?" என்று கேட்டு, குச்சியை மூக்கருகே கொண்டுபோனாய். பிறகு அதை அப்படியே அம்மாவிடம் நீட்டினாய். அவள் மோந்துவிட்டு, "என்ன கண்ணு, பெட்ரோல் பங்க்கு முன்னால நிக்கிற மாதிரி இருக்குது" என்றாள்.

நம் மலைக்காரர் யாரைக் கேட்டாலும் இதைச் செய்யாதவர் கிடையாது. உச்சி வளைவு வந்ததும் கை தானாகப் போய்ச் சாவியை அணைக்கும். கியரைப் போட்டபடியே, பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு அடிவாரம் வரைக்கும் வண்டியைச் சத்தமில்லாமல் விடுவோம். மலை சும்மா கொடுக்கிற ஓட்டம், அதற்கு எதற்குப் பெட்ரோல் என்போம். நியூட்ரலில் விடுகிறவனைப் பார்த்து, வளைவில் வண்டி நிற்காது, முட்டாள் என்று திட்டுவோம். நாம் கியரில் விடுகிறோம், நாம் புத்திசாலிகள். நீதான் அன்றைக்கு மண்ணில் குச்சியால் வட்டம் போட்டுக் காட்டினாய். கியரில் இருக்கிற வண்டியில் சக்கரம் சுற்றினால் என்ஜினும் சுற்றும். சாவியை அணைத்தால் நெருப்பு மட்டும்தான் நிற்கும். என்ஜின் பாட்டுக்கு பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே வரும். எரியாத பெட்ரோல் பிஸ்டன் ஓரமாக வழிந்து, அங்கே இருக்கிற வழவழப்பைக் கழுவிக்கொண்டு போய் ஆயிலில் கலக்கும். ஆயில் தண்ணியாகிவிடும். அந்தத் தண்ணி ஆயிலோடு மூட்டையை ஏற்றிக்கொண்டு மறுபடி அத்தனை வளைவும் ஏறினால் என்ஜின் டொக்கு டொக்கென்று அழாமல் என்ன செய்யும்? இரண்டு நாள் மலை மேலே ஓடினால் சூட்டில் கலந்த பெட்ரோல் கொஞ்சம் ஆவியாகிப் போகும், சத்தமும் குறையும். நாங்கள் மிச்சம் பிடித்த பெட்ரோல் எல்லாம் ஆயிலுக்குள்தான் இருந்திருக்கிறது. அதைக் காட்டித்தான் நான் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.

அந்த இடத்தில் வேறு பிள்ளையாக இருந்தால், எல்லாம் உங்களால்தான் என்று சொல்லியிருக்கும். சொன்னால் தப்பும் இல்லை. நீ குச்சியைத் துடைத்து மாட்டிக்கொண்டே, "நானுந்தானுங்கப்பா ஆஃப் பண்ணி எறங்குனேன். மகளிர் குழுவுல இருந்து மிளகு பாக்கெட் கொண்டு போறப்பெல்லாம். ரெண்டு பேரும் சேந்துதான் கெடுத்திருக்கோம்" என்றாய். எனக்குத் தெரியும், நீ ஓட்டினதைவிட நான் ஓட்டினது பல மடங்கு. இருந்தும் பழியைச் சரிபாதி எடுத்துக்கொண்டாய். உன் கணக்கு அன்றைக்குப் பெரிய பொய்க் கணக்கு, சாமி. அந்தப் பொய்க்காக நான் உன்னைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கண்டுபிடித்தாயிற்று, ஆயிலை மாற்றினால் தீர்ந்தது என்று நான் குதித்தேன். நீ குதிக்கவில்லை. ஆயிலை மாற்றினாய். அடுத்த சந்தைக்கு என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, சாவியை அணைக்காமல், இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே இறங்கினாய். பாதையில் நின்ற ஆட்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நம் வளப்பூர் நாட்டுப் பையன் ஒருவன் சத்தமில்லாமல் நம்மைத் தாண்டிப் போகும்போது, "என்னக்கா, பெட்ரோல் கெணறு வெட்டிட்டீங்களா?" என்று கத்தினான். நீ கையை மட்டும் ஆட்டினாய். திரும்பி ஏறும்போது மூங்கில் வளைவில் காதைக் கொடுத்தோம். சத்தம் பாதிக்கும் மேல் போயிருந்தது. ஆனால் மிச்சம் இருந்தது. "போதும் கண்ணு, போயிருச்சு" என்று நான் சொன்னேன். எனக்கு அது போதும். கல்யாண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "போகலீங்கப்பா. கொறைஞ்சிருக்குது. இவ்வளவு நாள் தண்ணி ஆயில்ல ஓடுனதுல எதோ தேஞ்சிருக்குது. எதுன்னு தெரியாம அம்மாவ இதுல உக்கார வெக்க மாட்டேன்" என்றாய்.

பாய் பட்டறையில் என்ஜினைப் பிரித்த நாள் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. மேல் மூடி, அதற்குக் கீழே சிலிண்டர், அதற்குள் பிஸ்டன் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தார். நீ பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பிரித்ததையெல்லாம் பழைய சாக்கின் மேல் வரிசையாக வைத்தாய். கடைசியில் ராடு மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. பாய் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் சொன்னா என் பேச்சுன்னு ஆயிடும். நீயே புடிச்சுப் பாரும்மா" என்று நகர்ந்துகொண்டார்.

நீ பிடித்து அசைத்தாய். "பாய், ஆடுது."

"எப்படி ஆடுது?"

"பக்கவாட்டுல."

"அது ஆடணும். ஆடலேன்னாத்தான் கவலை. மேலயும் கீழயும் இழுத்துப் பாரு."

நீ இழுத்தாய், அழுத்தினாய், கண்ணை மூடிக்கொண்டு மறுபடி இழுத்தாய். அது ஆடினால் வண்டி முடிந்தது. உன் அம்மாவின் பாதையும் முடிந்தது. "இல்லீங்க பாய். துளிகூட இல்லை" என்றாய். பாயும் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு, "ராடுன்னு சொன்னேன், தப்பு. ராடு கல்லு மாதிரி இருக்குது" என்று சிரித்தார். பிஸ்டனை எடுத்து அதில் கோத்திருந்த பின்னை விரலால் ஆட்டினார். லொடலொடவென்று ஆடியது. சிலிண்டர் உள்ளே பூனை பிறாண்டினதுபோல நீளக்கோடுகள். பெட்ரோல் கழுவிக் கழுவி வந்த கோடுகள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பஞ்சாயத்து. பாய், இவ்வளவு பிரித்தாயிற்று, அடிப்பாகத்தையும் பிரித்து முழு என்ஜினையும் புதிதாக்கிவிடலாம், மனதில் சந்தேகம் இருக்காது என்றார். நான், ராடு நன்றாக இருக்கிறதல்லவா, அப்படியே மூடிவிடுங்கள், சத்தம் பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன். எனக்கு வண்டி கையைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும். நீ பாயிடம் ஒன்று கேட்டாய்.

"இது உங்க ஊட்டு வண்டியா இருந்து, உங்க அம்மா பின்னால உக்காந்து மலை ஏறுறதா இருந்தா, அடிய பிரிப்பீங்களா பாய்?"

பாய் யோசித்தார். டீ வந்தது, வாங்கிக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "பிரிக்க மாட்டேன்மா. நல்லா உக்காந்திருக்கிற பேரிங்க நோண்டுனா, திரும்ப அதே மாதிரி உக்காருங்கிறதுக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது. பெரிய வேலையாச் செஞ்சா உங்களுக்கு நிம்மதியா இருக்கும்னுதான் சொன்னேன்."

"அப்ப அடிய விட்டுருங்க. சிலிண்டரை உள்ள கடைஞ்சு போர் போட்டு, பிஸ்டன், ரிங்கு, பின்னு எல்லாம் புதுசு. கெட்டத ஒண்ணுகூட விடாதீங்க. நல்லா இருக்கறத ஒண்ணுகூடத் தொடாதீங்க" என்றாய். பாய் என்னைப் பார்த்து, "பெரியவரே, இந்தப் பொண்ண ராசிபுரத்துக்கு அனுப்பிட்டு நான் யாரை வெச்சுப் பட்டறை நடத்துறது?" என்றார். நான் சிரித்தேன். அன்றைக்கு அந்தப் பட்டறையில் என் பெண் பயத்துக்கும் ஆசைக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்து நின்றாள். நான் இத்தனை வருஷம் மாடு வாங்கி விற்றிருக்கிறேன், நிலம் வாங்கியிருக்கிறேன், ஒருநாளும் அப்படி நின்றதில்லை. எனக்குப் பயம் வந்தால் முழுக்கப் பயம். ஆசை வந்தால் முழுக்க ஆசை.

புது பிஸ்டன் பழகட்டும் என்று கல்யாணம் வரைக்கும் மலை மேலேயே மெதுவாக ஓட்டினாய். அம்மாவை ஏற்றிக்கொண்டு நீயே ஒருமுறை கீழே போய் வந்துவிட வேண்டும் என்று இருந்தாய். பந்தல், பத்திரிகை என்று நாள் ஓடிவிட்டது. போகிற அன்றைக்குக்கூடக் கண்ணில் தண்ணீரோடு அம்மாவிடம் வண்டிப் பேச்சுதான் பேசினாய். "மேல டிக் டிக்னு ஒரு சத்தம் இருக்கும்மா, அது டேப்பெட்டு, அது பாட்டுக்கு இருக்கட்டும். அடியில டொக்குன்னா அந்த எடத்துலயே நிறுத்திட்டு பஸ் ஏறிருங்க." அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்பா கை சாவிக்குப் போச்சுன்னா முதுகுல ஒரு குத்து வை. அவரு வேணும்னு பண்ணமாட்டாரு, கை பழகிப்போச்சு" என்றாய். சுற்றி நின்ற சொந்தபந்தம் எல்லாம் சிரித்தது. அழுதுகொண்டு வழியனுப்ப வந்தவர்களைச் சிரிக்கவைத்துவிட்டு வேனில் ஏறினவள் நீ ஒருத்திதான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, கண்ணு. ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லை, உடம்பு சரியில்லை என்றால், அன்றைக்கு பலாமரத்தடியில் என்னைக் கேட்ட மாதிரி உட்கார்ந்து கேள். எப்போது ஆரம்பித்தது, எப்போது இல்லை என்று. என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. பட்டா ஆபீசிலும் கேட்டதில்லை, ஆஸ்பத்திரியிலும் கேட்டதில்லை. கைநாட்டு என்றதும் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்துத்தான் பேசுவார்கள். நீ என்னைப் பார்த்துக் கேட்டாய், நான் சொன்னதை அப்படியே நம்பினாய்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். முந்தாநாள் நானும் உன் அம்மாவும் சந்தைக்கு இறங்கினோம். புரட்டாசித் தூறல், உச்சியில் பனிமூட்டம். உச்சி வளைவில் திரும்பும்போது என் கை கிளம்பியது. சத்தியமாக நான் கிளப்பவில்லை. அது சாவிக்குப் பாதி வழி போவதற்குள் முதுகில் விழுந்தது குத்து. குடையின் பிடியால் குத்தினாள், விரலால் இல்லை. "நான் ஒண்ணும் பண்ணலயே!" என்றேன். "பண்றதுக்கு முன்னாடிதான் குத்தணும்னு பொண்ணு சொல்லியிருக்கா" என்றாள். நீ அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே இறங்கினேன். பாதி மலையில் மூட்டம் விலகி வயல்கள் தெரிந்தன. அவள் பின்னாலிருந்து ராசிபுரம் எந்தப் பக்கம் என்று கேட்டாள். காட்டுவதற்குக் கையை எடுத்தேன், அதற்கும் ஒரு குத்து.

அடிவாரத்தில் பாய் பட்டறை முன்னால் நிறுத்தினேன். பாய் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். உன் அம்மா இறங்கி, சேலையை உதறிக்கொண்டு, நாலுபக்கமும் பார்த்தாள். எனக்கு எப்போதுமே அந்த நேரம் பயம்தான். பஸ்ஸில் வந்த நாட்களில் அவள் தேடுவது ஒரு குழாயும் உட்கார ஒரு கல்லும்தான். முந்தாநாள் அவள் சொன்னது: "பசிக்குதுங்க." எதிர்க் கடையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, வடை இருக்குதா என்று கேட்டாள்.

மிளகாயும் உப்பும் மளிகையுமாக ஏற்றிக்கொண்டு திரும்பினோம். மூங்கில் வளைவு வந்ததும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என் காதை நான் நம்பவில்லை, வயதான காது, கேட்கக்கூடாது என்று நினைப்பதைக் கேட்காது. "உனக்குக் கேக்குதா?" என்றேன். அவள் முன்னால் குனிந்து, என் தோளில் கன்னத்தை வைத்து, அடுத்த வளைவு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். "மேல டிக் டிக்னு இருக்குது. அடியில ஒண்ணுமில்ல" என்றாள். அதுதான் உன் கேள்விக்குப் பதில். என்னுடைய பதில் இல்லை, அவளுடையது. அதனால் நீ நம்பலாம்.

வருகிற வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புகிறோம். வண்டியை பாய் பட்டறையில் விட்டுவிட்டு அங்கிருந்து பஸ். கீழே சமதரை, வளைவு கிடையாது, அவளுக்கு ஒன்றும் ஆகாது. மாப்பிள்ளையிடம் கார் எடுத்துக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்லிவிடு. உன் வீட்டுக்கு அவள் தன் வழியிலேயே வந்து சேரட்டும். உலையில் அரிசி கொஞ்சம் கூடவே போடு, கண்ணு. உன் அம்மா பசியோடு வருவாள்.